ஹாலுக்குள்ளே உப்பளம்

வாடா மாப்ள. உக்காரு, அந்தத் தூணுல சாஞ்சுக்க. ஹால் செவுரு பேந்து விழுவுதாமே, ஒங்கம்மா நேத்தே போன்ல மூக்கைச் சிந்திட்டா. இதுல அழுவுறதுக்கு என்னா இருக்கு? ராஜாஜி 1930-ல ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு திருச்சியிலேருந்து நடந்தே வந்து வேதாரண்யத்துல உப்பு அள்ளினாரு. வெள்ளைக்காரன் புடிச்சு உள்ள போட்டான். ஒனக்கு அந்தச் செரமமே இல்ல. சோபாவுல உக்காந்தபடி கையை நீட்டினா அள்ளிக்கலாம். ஜெயிலும் கெடையாது. பொண்டாட்டி மட்டும் நாலு வார்த்தை கேக்கும்.

போன வாரம் நான் வந்தப்ப நீ ஊர்ல இல்ல. நல்லதாப் போச்சு, நிம்மதியாப் பாத்தேன். மொழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவுல செவுரு பூரா கொப்புளம். ஒன்னை நகத்தால கிள்ளினேன். பெயிண்டு தோலா உரிஞ்சு வந்துச்சு. அதுக்கடியில பட்டி, பட்டிக்கடியில வெள்ளையா மயிர்மயிரா நின்னுது. எடுத்து நாக்குல வச்சேன். ஒன் பொண்டாட்டி அதைப் பாத்துட்டு அடுப்படிக்குள்ள ஓடிடுச்சு. ருசி பாக்காம வேற எப்புடித் தெரிஞ்சுக்குறது? கரிச்சுது. அந்த எடத்தை லேசாத் தட்டினேன், பூச்சு கையோட வந்துடுச்சு. உள்ள செங்கல்லு. கட்டைவிரலால அமுக்கினா செவப்பு மாவாக் கொட்டுது. ஆனா அதே செவுத்துல தரையை ஒட்டின வரிசை நனைஞ்சு கெடக்கே தவிர, கல்லு கிண்ணுன்னு இருக்கு. அதைக் கவனிச்சியா? நீ எங்க கவனிச்ச. நீ பெயிண்டுக் கடைக்காரன் வாயைத்தான் கவனிச்ச.

அடிக்கல்லு நல்லா இருக்கு, மேல இருக்குற கல்லு மாவாவுது, ஏன்னு யோசி. தரைக்குள்ளேருந்து தண்ணி, செங்கல்லோட கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியா மேல ஏறுது. வெறுங்கையோட ஏறாது, மண்ணுல கெடக்குற உப்பைக் கரைச்சு எடுத்துக்கிட்டு ஏறும். ரெண்டடி மூணடி ஏறின பொறவு காத்து படுற எடத்துல தண்ணி ஆவியாப் போயிடும். உப்பு எங்க போவும்? அங்கனயே தங்கி வெளையும். வெளையுற உப்புக்கு அந்த ஓட்டையில எடம் பத்தாது, நெம்பிக் கல்லை ஒடைக்கும். ஐப்பசி கார்த்திகையில கரையும், பங்குனி சித்திரையில திரும்ப வெளையும். வருசத்துக்கு ஒரு படை உரியும். வெளியில வெள்ளையாப் பூக்குறது வெறும் அசிங்கம், பெருக்கித் தள்ளிட்டுப் போவலாம். பூச்சுக்குப் பின்னால, பெயிண்டுக்குப் பின்னால வெளையுது பாரு, அதுதான் கல்லைத் திங்கிறது. நீ என்னா பண்ணின? வெளிய வந்துக்கிட்டு இருந்ததை உள்ள தள்ளிக் கதவைச் சாத்தின. அந்தக் கதவுக்கு லிட்டருக்கு இவ்வளவுன்னு காசு வேற குடுத்திருக்க.

நான் குத்தம் சொல்லல. ஒங்க தாத்தன் கட்டின வீடு தானா விழுந்தா அபார்ட்மென்ட் கட்டலாம்னு ஒனக்கு உள்ளூர ஒரு எண்ணம் இருந்தா, நீ போற ரூட்டு ரொம்ப சரியான ரூட்டு. இன்னும் ரெண்டு மூணு வேலதான் பாக்கி. அதையும் சொல்றேன், செஞ்சு முடிச்சுடு.

வீடு நிக்கணும்னு நெனச்சா, அதைக் கெடுக்குறது மூணு. மொதல்ல ரோடு. ஒங்கம்மா வாக்கப்பட்டு வந்தப்ப அந்த வீட்டுக்கு அஞ்சு படி. சீர்த்தட்டைத் தலையில வச்சுக்கிட்டு ஏறினவன் நான், எனக்குத் தெரியும். இப்ப தெருவுலேருந்து ஒரு படி எறங்கித்தான் ஒங்க வாசலுக்கு வர வேண்டியிருக்கு. வீடு தாழல மாப்ள, ரோடு வளந்துடுச்சு. தேர்தலுக்குத் தேர்தல் ஒரு தாரு. பழைய ரோட்டைச் சொரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-லயே தலைமைச் செயலாளரு உத்தரவு போட்டாரு. ஒங்க தெருவுக்கு ரோடு போட்ட ஆளு அந்த உத்தரவு மேலயே தாரை ஊத்திட்டான் போலருக்கு. மெட்ராஸ்ல இதுக்காவ ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குறாங்க. ஒனக்கு அவ்வளவு வேணாம். அடுத்த தடவை ரோடு போட ஜல்லி கொட்டுறப்ப, தெருக்காரங்க நாலு பேரு சேந்து நின்னு, பழசைச் சொரண்டுறியா இல்லையான்னு கேளுங்க. கேக்குறப்ப நீ முன்னால நிக்காத, ஒன் பொண்டாட்டியை நிக்க விடு.

ரெண்டாவது, வாசல்ல கொல்லையில பூரா கல்லு பாவியிருக்கியே, அது. மண்ணு திறந்து கெடந்தா ஈரத்துல பாதியை அதுவே வெயிலுக்கு விட்டுடும். நீ மேல மூடிட்ட. ஈரத்துக்கு வேற வழி இல்ல, செவுத்துக்குள்ள ஏறுது. அதுலயும் வாட்டம் எந்தப் பக்கம் குடுத்திருக்கான் தெரியுமா? ஒரு கொடம் தண்ணியை ஊத்திப் பாத்தேன். நேரா செவுத்துக்குப் போயி நின்னுக்கிட்டு என்னைப் பாத்துச்சு. செவுத்தை ஒட்டி ஒரு மொழத்துக்குக் கல்லைப் பேத்து எடுத்துட்டு, மண்ணை வீட்டுத் தரைக்குக் கீழ நல்லா எறக்கிட்டு, முக்கால் ஜல்லியைப் போட்டு வுடு. மிச்ச எடத்துக்கு வாட்டத்தை வெளிப்பக்கமா மாத்து. துளசி மாடத்தைத் தள்ளி வை. ஏசியிலேருந்து சொட்டுற தண்ணிக்கு ஒரு குழாயைப் போட்டுத் தென்னைக்கு விடு. மொட்டை மாடித் தண்ணி எறங்குற குழாய் ரெண்டாவது கிளாம்புக்கிட்ட வெடிச்சுக் கெடக்கு, அதுக்கு நேர் கீழ பச்சையாப் பாசி. அந்தக் குழாயை மாத்த ஆவுற செலவு, நீ உள்பக்கம் அடிச்ச பெயிண்டுல ஒரு டப்பா வெலகூட வராது. ஆனா பாரு, குழாய் மாத்தினா வீட்டுக்கு வர்றவங்க யாரும் ‘குழாய் அழகா இருக்கே’ன்னு சொல்ல மாட்டாங்க. அது ஒரு கொறைதான்.

மூணாவதுதான் பெரிய வேல. சிமெண்டு. ஒங்க தாத்தன் அந்த வீட்டைச் சுண்ணாம்புக் காரையில கட்டினாரு. சுண்ணாம்பை நீத்து, மணலோட சேத்து மாட்டைக் கட்டிச் செக்குல அரைச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுக் கட்டின செவுரு. நாட்டுச் செங்கல்லும் சரி, அந்தக் காரையும் சரி, ரெண்டும் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தா விட்டுடும். மண்பானை தண்ணி குளுந்து கெடக்கே, எப்புடி? பானை வேர்க்குது, அதனால. அந்தப் பானைக்கு வெளியில பெயிண்டு அடிச்சு வையி, வேர்வை நின்னுடும், தண்ணி வெந்நியாயிடும். ஒன் செவுரு இத்தனை வருசம் வேர்த்துக்கிட்டு இருந்துச்சு. நீ அதுமேல ஒரு இஞ்சு கெட்டியா சிமெண்டு பூச்சு, பூச்சு மேல பட்டி, பட்டி மேல ‘தண்ணி புகாது’ன்னு எழுதின பெயிண்டு. தண்ணி புகாதுதான், ஒத்துக்குறேன். புகுந்தது வெளிய போவவும் முடியாதே, அதை டப்பாவுல எந்தப் பக்கம் எழுதியிருக்கான்? எழுதலன்னா நீ ஒரு போன் போட்டுக் கேக்கக்கூடாது?

இப்ப அதுக்கும் மேல பிளாஸ்டிக் பலகை ஒட்டிடலாம்னு யாரோ சொன்னாங்களாம். நல்ல யோசனை. ஓதம் ஏறுறது கண்ணுக்கே தெரியாது. கல்லு கொட்டுற சத்தம் மட்டும் ராத்திரியில கேக்கும், எலின்னு நெனச்சுக்க.

செங்கல்லு மேல கோவப்பட்டுப் பிரயோசனம் இல்ல. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுன்னு ஒரு ஊரு. பல்லவ ராசா மகேந்திரவர்மன் அங்க பாறையைக் கொடைஞ்சு ஒரு கோயில் பண்ணிட்டு, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பண்ணினேன்னு கல்வெட்டே வெட்டி வச்சிருக்கான். ராசா கொத்தனாருகிட்ட எவ்வளவு பட்டிருந்தா அப்புடி வெட்டி வச்சிருப்பான்! ஆனா தொண்டை நாட்டுக் கரையில, சாளுவன்குப்பத்துல, 2004 சுனாமிக்குப் பொறவு தோண்டினாங்க. பல்லவன் காலத்துக் கல்லுக் கட்டடத்துக்கும் அடியில அதைவிடப் பழைய செங்கல் கோயில் ஒன்னு முருகனுக்கு இருந்திருக்கு. கடல் கூப்புடு தூரம். செங்கல்லு அப்புடியே வரிசையா நிக்குது. மணலுக்குள்ள கெடந்ததால யாரும் வந்து பெயிண்டு அடிக்கல, தப்பிச்சுடுச்சு.

சரி, ரிப்பேருக்கு வர்றேன். நீ ஆள் கூப்புடுறதுக்கு முன்னால ஒன்னு செய்யி. அடுத்த ஐப்பசியில நல்லா மழை அடிக்கிறப்ப, டிவியை நிறுத்திட்டு, கொடையைப் புடிச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி ஒரு சுத்து வா. தண்ணி எங்க சொட்டுது, எங்க வழியுது, எங்க தேங்குதுன்னு மழையில பாத்தாத்தான் தெரியும். வெயில்ல வந்து பாத்து எஸ்டிமேட் போடுறவனுக்கு ஒன் பாக்கெட்டு மட்டும்தான் தெரியும். சன்ஷேடுக்கு அடிவிளிம்புல ஒரு சின்னக் காடி ஓடணும், அது இருந்தா தண்ணி அங்க நின்னு கீழ சொட்டும். இல்லைன்னா அடியைப் புடிச்சுக்கிட்டே செவுத்துக்கு வந்துடும். ஒன் வீட்டுல காடி இருந்துச்சு. பெயிண்டுக்காரன் வழவழன்னு வரணும்னு பட்டி வச்சு அடைச்சுட்டான். கைப்பிடிச்செவுத்து மண்டையில வெடிப்பு இருந்தா அது வழியா நடுச்செவுத்துக்கே எறங்கும், அதையும் பாரு. தண்ணி வர்ற வழியை அடைக்காம கல்லை மாத்துறவன், ஓட்டைச் சட்டியில ஓயாம தண்ணி மொண்டு ஊத்துறவன்.

வழியை அடைச்சாச்சா? உடனே பூசாத. சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடு, உப்பு தெரியுற எடத்துக்கு மேல இன்னொரு ரெண்டடி சேத்தே எடு. எடுத்துட்டு செவுத்தை அம்மணமா விடு. தை, மாசி, பங்குனி காயட்டும். சொந்தக்காரங்க வந்தா மொகம் சுளிப்பாங்க. சுளிக்கட்டும், அவங்க வீட்டுச் செவுத்துலயும் இருக்கு, பீரோவைப் போட்டு மறைச்சிருக்காங்க. காய காய உப்பு வெளிய பூக்கும். அதைத் தண்ணி ஊத்திக் கழுவுறேன்னு கெளம்பிடாத. கரைஞ்சு திரும்ப உள்ளதான் போவும். காஞ்ச பிரஷ்ஷை வச்சு, கம்பிப் பிரஷ் இல்ல, தேங்கா நாரு பிரஷ், மேலேருந்து கீழ பெருக்கு. பெருக்குறதுக்கு முன்னால செவுத்தடியில பழைய சாக்கை விரிச்சுக்க. விழுற உப்பை அள்ளிக் கொண்டுபோயித் தூரக் கொட்டு. சாக்கு விரிக்காம அங்கனயே விட்டா அது தரைக்குப் போயி, தரையிலேருந்து செவுத்துக்கு வந்து, ஒனக்கு வணக்கம் சொல்லும். ஆசிட் ஊத்தலாம்னு ஒருத்தன் சொல்லுவான். அது காரையைத் திங்கும், தின்னுட்டு இன்னொரு வகை உப்பை விட்டுட்டுப் போவும். பைக்கு கழுவுற மெஷினைக் கொண்டாந்து அடிக்கலாம்னு இன்னொருத்தன் சொல்லுவான். சூளையில வெந்த கல்லுக்கு வெளித்தோலு ஒன்னு இருக்கு, அதுதான் அதோட கவசம். மெஷின் தண்ணி அந்தத் தோலை உரிச்சுடும். ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடு.

கல்லு நடுவுல சாந்து உதுந்து போயிருக்கே, அது பெரிய நோவு இல்ல. சாவியை வச்சுச் சொரண்டு, மாவாக் கொட்டுற வரைக்கும் பழசு. உளியையும் சின்னச் சுத்தியலையும் வச்சு ஒரு இஞ்சு ஆழம் தோண்டி எடுக்கச் சொல்லு. பையன் கட்டிங் மெஷினைக் கொண்டாருவான், வாசல்லயே வாங்கி வச்சுக்க. சாந்தோட சேத்து கல்லோட விளிம்பையும் அறுத்துடுவான், அறுத்த கல்லு எந்தக் காலத்துலயும் வளராது. தோண்டினதும் தூசியை ஊதித் தள்ளி, தண்ணியைத் தெளிச்சு, ஓட்டை ஈரமா இருக்கணும், தண்ணி நிக்கக்கூடாது. அப்ப சாந்தைக் கொஞ்சங்கொஞ்சமா வச்சு உள்ள தள்ளி இறுக்கணும். மேலாக்க ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போறது வேல இல்ல, லிப்ஸ்டிக்கு.

அங்க என்னா சாந்துன்னுதான் ஒன் வீடு பொழைக்கிறதும் சாவுறதும் இருக்கு. செவுத்துக் கல்லைவிடச் சாந்து மெதுவா இருக்கணும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூணு பங்கு. அதைப் போட ஆள் கெடைக்கலன்னா சிமெண்டு ஒன்னு, சுண்ணாம்பு ஒன்னு, மணல் ஆறு. ‘அண்ணே, ரிச்சாப் போட்டுடலாம், ஒன்னுக்கு மூணு சிமெண்டு, இரும்பாட்டம் நிக்கும்’னு சொல்லுவான். நிக்கும். சாந்து நிக்கும். ஈரம் அது வழியாப் போவ முடியாம கல்லு வழியாப் போவும், கல்லு மூஞ்சி மூஞ்சியா உரிஞ்சு விழுந்துடும். கொஞ்ச வருசம் கழிச்சுப் பாத்தா செவுத்துல சாந்துக் கட்டம் மட்டும் சல்லடையா நிக்கும், கல்லைக் காணோம். நாகப்பட்டினம் போற வழியில பழைய மாடி வீடு ஒன்னு அப்புடி நிக்குது, பஸ்ஸுலேருந்து எட்டிப் பாரு. சுண்ணாம்பு காய நாளாவும். ஒரு வாரம் பத்து நாளைக்கு ஈரச்சாக்கை மேல தொங்க விட்டு, காலையில சாயங்காலம் தண்ணி தெளிக்கணும். அதுக்குக் கூலி குடுக்காத, ஒன் மவன் போன் நோண்டுற நேரத்துல செய்யட்டும்.

மூஞ்சி போன கல்லைக் கண்டதும் புதுக்கல்லுக்கு ஓடாத. சுத்தி இருக்குற சாந்தைத் தோண்டி எடுத்துட்டு, கல்லை ஆட்டி ஆட்டி முழுசா உருவு. திருப்பிப் பாரு. பின்பக்கம் ஒங்க தாத்தன் காலத்துல வச்ச அன்னைக்கு எப்புடி இருந்துச்சோ அப்புடியே இருக்கும். அந்தப் பக்கத்தை வெளிய வச்சுப் போடு. பழைய கொத்தனாருங்க பண்ற வேல இது, கல்லுக்காரனுக்குப் புடிக்காது. ஒரே நாள்ல வரிசையா நாலஞ்சு கல்லைச் சேத்து உருவிடாத, ஒன்னு உருவி ஒன்னு வச்சு, அது இறுகின பொறவு அடுத்தது. உருவினது மாவாத்தான் போயிருக்குன்னா அதே அளவுப் பழைய கல்லு தேடு. இடிச்ச வீடு எதுலயாவது கெடைக்கும். சர்க்காரு அளவு 19க்கு 9க்கு 9 சென்டிமீட்டரு. நம்ம ஊரு காளவாய்க்காரன் எவன் அந்த அளவுல அறுத்தான்? ஒம்பதுக்கு நாலரைக்கு மூணு இஞ்சுன்னு சொல்லி, அதுலயும் காய்ஞ்சு சுருங்கினது போவ மிச்சம்.

காளவாய்னதும் ஞாபகம் வருது. கொல்லையில புதுசா பாத்ரூம் கட்டப்போறியாம்ல. ஆயுசுல பாதி காளவாய்ப் பொகையில நின்னவன் சொல்றேன், காளவாய்க்காரன் பேச்சை நம்பாத. லாரியில வெளிப்பக்கம் அடுக்கியிருக்குற கல்லெல்லாம் மாப்பிள்ளைக் கல்லு, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காட்டுறது. நடுவுல கையை விட்டு உருவு. ரெண்டு கல்லை எடுத்து ஒன்னோட ஒன்னு தட்டு, டங்குன்னு கேக்கணும். டொப்புன்னு கேட்டா வேவலை. நகத்தால கீறு, கோடு விழக்கூடாது. இடுப்பு ஒசரத்துலேருந்து தரையில போடு, ஒடையக்கூடாது. ஒன்னை ஒடைச்சு உள்ள பாரு, வெள்ளை வெள்ளையா சுண்ணாம்பு முண்டு இருந்தா அந்த லோடு வேணாம். ஈரம் பட்டா அது உப்பி, பூச்சு முடிஞ்ச பொறவு உள்ளேருந்து வெடிக்கும். மூணு கிலோ காஞ்ச கல்லு, ஒரு நாள் முழுக்கத் தண்ணியில கெடந்தா 600 கிராமுக்கு மேல குடிக்கக்கூடாது. இதெல்லாம் நீ வாசல்ல நின்னு பண்றப்ப லாரிக்காரன் பல்லைக் கடிப்பான். கடிச்சா நல்ல அறிகுறி, சரியான எடத்தைத் தொட்டிருக்க.

நம்மூரு போர்த் தண்ணியை வாயில ஊத்திப் பாரு. உப்புக் கரிச்சா கலவைக்கும் அதை ஊத்தாத, நீராத்தவும் ஊத்தாத. கடக்கரை மணலு சும்மா கெடக்கேன்னு அள்ளியாராத. தரைக்கு மேல செவுரு எழும்புறதுக்கு முன்னால ஈரத்தடுப்புப் பட்டை போடணும், ஒன்னரை இஞ்சு ரெண்டு இஞ்சு கனத்துக்கு ஒன்னுக்கு ரெண்டுக்கு நாலு கான்கிரீட், வாட்டர் புரூஃப் மருந்து சேத்து. அதைப் போட்டிருந்தா இந்தக் கதையே கெடையாது. ஒங்க தாத்தன் போடலையே, அப்ப எப்புடி நின்னுச்சுன்னு கேப்ப. அதான் அஞ்சு படி ஒசரம் வச்சிருந்தாரே, அது போதுமா இருந்துச்சு. கல்லைக் கட்டுறதுக்கு முன்னால தண்ணியில முக்கி, குமிழி அடங்குற வரைக்கும் ஊறப் போடு. காஞ்ச கல்லு சாந்துலேருந்து தண்ணியை உறிஞ்சிக்கும், சாந்து வெறும் மணலாயிடும். ஒம்பது இஞ்சு செவுத்துக்குச் சிமெண்டு ஒன்னு மணல் ஆறு, நாலரை இஞ்சுக்கு ஒன்னு நாலு. ஒரு நாளைக்கு அஞ்சடிக்கு மேல ஏத்தக்கூடாது. தண்ணி ஊத்தின கலவை அரை மணிக்குள்ள செவுத்துக்குப் போயிடணும். கொத்தனாரு பதினோரு மணி டீக்குப் போயிட்டு வந்து, இறுகிக் கெடக்குற கலவையில இன்னொரு சொம்பு ஊத்தி மசிப்பாரு, அந்த நேரத்துக்கு நீ சரியா அங்க இருக்கணும். ஒன்னும் பேச வேணாம். சும்மா நின்னு கடியாரத்தைப் பாரு.

ஒன் பொண்டாட்டிக்கு முன்பக்கம் செங்கல் தெரியுற செவுரு வேணும்னு ஆசையாம், போன்ல பாத்துச்சாம். நல்ல ஆசைதான். லாரி பேக்கர்னு ஒரு வெள்ளைக்காரரு, இங்கிலாந்துல பொறந்து கேரளாவுல தங்கி அங்கயே காலமானாரு. திருவனந்தபுரம் தம்பானூர்ல இந்தியன் காபி ஹவுஸ் ஒன்னு, அவரு கட்டினது. செங்கல்லுலயே சுருள் சுருளா மேல ஏறுது, செவுரு பூரா சல்லடை ஓட்டை. நான் கட்லெட்டு திங்கப் போனேன். கட்லெட்டுக்குள்ள பீட்ரூட்டு. செவுரு கட்லெட்டைவிட நல்லா இருந்துச்சு. எலிப்பொறிக் கட்டுன்னு கல்லை ஓரமா நிக்க வச்சு, நடுவுல இடைவெளி விட்டுக் கட்டுறதை அவருதான் அங்க பரப்பினாரு, கிட்டத்தட்ட கால்வாசிக் கல்லு மிச்சம். பூச்சு கெடையாது, பெயிண்டு கெடையாது, அதுவும் கேரளா மழையில. நல்லா வெந்த கல்லைப் பொறுக்கி எடுக்கணும், கூரையை முன்னால நல்லா நீட்டணும், இந்த ரெண்டும் இருந்தாத்தான் அந்தச் செவுரு தாங்கும். இவங்க படத்துல செவுத்தை மட்டும் பாக்குறாங்க, கூரையை யாரும் பாக்குறதில்ல. ஒனக்கு ரெண்டையும் செய்ய மனசு இல்லைன்னா, செங்கல் படம் போட்ட டைல்ஸ் இருக்கு, அதை ஒட்டிட்டு அந்தப் புள்ளைக்கிட்ட செங்கல்னே சொல்லிடு. கண்டுபுடிச்சுடும், அது வேற.

ஏசிக்காரன், கரண்டுக்காரன் யாரு வந்தாலும் செவுத்தைப் படுக்கை வசத்துல நீளமா வெட்ட விடாத. நிமித்தி வெட்டினா செவுத்துக் கனத்துல மூணுல ஒரு பங்கு, படுக்கையா வெட்டினா ஆறுல ஒரு பங்கு, அதுக்கு மேல போனா செவுரு பலம் போச்சு. மாடிக் கைப்பிடிச்செவுத்துல அரசங்கன்னு மொளைச்சிருக்கு பாரு, அதை இழுத்துப் புடுங்கி விளையாடாத. மேல ஒடிஞ்சு வந்துடும், வேரு உள்ள சிரிச்சுக்கிட்டு இருக்கும். ரெண்டு கல்லைப் பேத்து வேரோட எடுத்துட்டுக் கட்டு. அரச மரத்தை வெட்டுறது பாவம்னு ஒங்கம்மா சொல்லுவா. எடுத்துக் கொளத்தங்கரையில நட்டுட்டேன்னு சொல்லு. நட்டும் விடு.

அந்த மேக்கு ஜன்னல் விரிசலைப் பத்திக் கேட்டியே. கல்லு நடுவுல சாந்து வழியாப் படிப்படியாக் கோணலா ஏறுதா, அது மண்ணு எறங்குற வேல. நம்ம மண்ணு களிமண்ணு, மழையில உப்பும், கோடையில சுருங்கும், கூட அந்த வேப்பமரம் வேற தன் பங்குக்கு ஈரத்தை இழுத்துக்குது. அதுக்காவ நாளைக்கே கோடாலியைத் தூக்காத. திடீர்னு மரத்தை வெட்டினா மண்ணு திரும்ப ஊறி உப்பி, இப்ப எறங்கின செவுரு மேல தூக்கும், வேப்பங்காத்தும் போயிருக்கும். தளத்துக்கு அடியில படுக்கையா ஒரு கோடு இருக்கே, அது வெயில்ல தளம் நீண்டு சுருங்குறதால வந்தது, மேல வெள்ளையடிச்சா பாதி அடங்கும். கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேர்ற எடத்துல நேர்க்கோடு விட்டிருந்தா கோழி வலையைப் பதிச்சுப் பூசு. கோணல் விரிசல்தான் பாக்க வேண்டியது. அதுல பட்டி வச்சுப் பூசினா அடுத்த சித்திரையில அதே எடத்துல வந்து நிக்கும். செவுரு அசையுறது நின்னுடுச்சுன்னு தெரிஞ்ச பொறவுதான், ரெண்டு பக்கமும் வரிசை விட்டு வரிசை கல்லைப் பேத்து, முழுக்கல்லை விரிசலுக்குக் குறுக்கப் போட்டுக் கட்டணும்.

நின்னுடுச்சான்னு எப்புடித் தெரிஞ்சுக்குறது? மெல்லிசா ஒரு கண்ணாடித் துண்டு வாங்கு. விரிசலுக்குக் குறுக்க வச்சு ரெண்டு முனையிலயும் சாந்து அப்பி ஒட்டு. பக்கத்துல தேதியை எழுது. ஒரு ஐப்பசியும் ஒரு சித்திரையும் அதுமேல போவட்டும். ஒன் மவன் பந்து ஆடுற எடம் அது, பந்து பட்டு ஒடைஞ்சதுக்கு மண்ணு மேல பழியைப் போடாத. தானா ஒடைஞ்சுச்சுன்னா கொத்தனாரையும் கூப்புடாத, என்னையும் கூப்புடாத, அஸ்திவாரம் பாக்கத் தெரிஞ்ச இன்ஜினியரைக் கூப்புடு. ஒடையாம இருந்துச்சுன்னா எனக்கு ஒரு போன் போடு, உளியை எடுத்துக்கிட்டு வர்றேன். ஞாயித்துக்கெழமையாப் பாத்துக் கூப்புடு, ஒங்கம்மா அன்னைக்குத்தான் மீன் கொழம்பு வைக்கிறா.